காட்பாடியிலிருந்து சென்னைக்கு ஒரே நாள்: மியூசியமா, தி.நகரா?

பாலாற்றங்கரை:
வணக்கம் மக்களே. நானும் என் தோழியும் ஒரு நாள் சென்னை போய்வரலாம் என்று இருக்கிறோம். காட்பாடியில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட வேண்டும். தங்கல் கிடையாது. அதற்கு வீட்டில் சம்மதம் வாங்குவதற்குள் தீபாவளி வந்துவிடும்.

எனக்கு எழும்பூர் மியூசியத்தில் வெண்கலச் சிலைகளைப் பார்க்க வேண்டும். அவளுக்கு அண்ணன் கல்யாணம் வருகிறது, தி.நகர் போகாவிட்டால் சென்னை போனதாகவே கணக்கில்லை. இது போக மெரினா, கபாலி கோயில், கோட்டை, சவுகார்பேட்டை ஜிலேபி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. அவள் வேலை பார்க்கும் இடத்தில் வெள்ளிதான் வார லீவு, அதனால் வரும் வெள்ளிக்கிழமை என்று முடிவு செய்திருக்கிறோம். எந்த வரிசையில் போனால் எல்லாம் முடியும்?

கல்மரம்:
எல்லாம் முடியாது. அது இருக்கட்டும், முதலில் கிழமையை மாற்றுங்கள். எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளி விடுமுறை. கோட்டைக்குள் இருக்கும் மியூசியத்துக்கும் வெள்ளிதான். வெளியூரிலிருந்து வந்து பாந்தியன் சாலை கேட்டில் நின்று பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் எல்லா வாரமும் உண்டு.

சென்னையில் கிழமை பார்க்காமல் கிளம்பவே கூடாது. வண்டலூர் பூங்காவும் தட்சிணசித்ராவும் செவ்வாய் மூடியிருக்கும், அடையாறு தியாசபிகல் சொசைட்டிக்குள் ஞாயிறு விடமாட்டார்கள். கோயில் என்றால் மதியம் நடை சாத்திவிடுவார்கள். கபாலியில் பன்னிரண்டு மணிக்கு மேல் போனால் நாலு மணி வரை தெப்பக்குளத்தைச் சுற்றிவர வேண்டியதுதான்.

பாலாற்றங்கரை:
அய்யோ, வெள்ளி மூடலா! நல்லவேளை கேட்டேன். அவள் சனிக்கிழமை லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்கிறாள்.

சீசன் டிக்கெட்:
நான் அரக்கோணத்தில் ஏறுகிற ஆள், ஏலகிரி எக்ஸ்பிரஸில் தினமும் போய் வருகிறவன். வண்டி விஷயத்தை என்னிடம் கேளுங்கள்.

ஏலகிரி காலையில் ஜோலார்பேட்டையில் புறப்பட்டு உங்கள் ஊர் வழியாக ஒன்பது மணியை ஒட்டி சென்ட்ரல் வரும். சாயங்காலம் ஆறு மணியை ஒட்டி அதே வண்டி திரும்பும். நிமிடக் கணக்கை முந்தின நாள் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வப்போது மாற்றுவார்கள். இதை விட்டால் ராத்திரி காட்பாடியில் நிற்கிற வண்டிகள் நிறைய இருக்கின்றன. திருவனந்தபுரம் மெயில், மங்களூர் மெயில் இரண்டும் நிற்கும். ஆனால் ரிசர்வேஷன் இல்லாமல் அந்தப் பொதுப்பெட்டியில் கையில் துணிப்பையோடு ஏறிப் பாருங்கள், அப்புறம் பேசுவோம். அதில் வருகிறவர்கள் எல்லாம் விடிய விடியப் போகிறவர்கள், இரண்டு மணி நேரத்தில் இறங்குகிறவருக்கு யாரும் நகர்ந்து இடம் தரமாட்டார்கள்.

இன்னொன்று. காலையிலேயே சாயங்காலத்துக்கும் சேர்த்து முன்பதிவில்லா டிக்கெட் எடுத்து வைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். 200 கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரத்துக்கு அந்த டிக்கெட்டை எடுத்தால் மூன்று மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். காட்பாடி சுமார் 130 கிலோமீட்டர்தான். திரும்பும்போது சென்ட்ரல் கவுன்ட்டர் வரிசையைப் பார்த்து மலைக்காமல் செல்போனிலேயே எடுங்கள், ஆனால் பிளாட்பாரத்துக்குள் நுழையும் முன்பே எடுத்துவிடுங்கள்.

ஆக உங்கள் கையில் இருப்பது ஒன்பதிலிருந்து ஐந்தரை வரை, எட்டரை மணி நேரம். அதில் சாப்பாட்டுக்கும் நடைக்கும் காத்திருப்புக்கும் கழித்தால் ஆறு. ஆறு மணி நேரத்தில் இரண்டு இடம். மூன்றாவதைச் சேர்த்தீர்களோ, மூன்றையும் வாசலோடு பார்த்துவிட்டு வருவீர்கள்.

மாடவீதி மைலாப்பூர்:
சென்னைக்கு வந்து பீச் பார்க்காமல் போவதாவது! சீசன் டிக்கெட் அண்ணன் தினமும் வருகிறவர், அவருக்கு அலுத்துவிட்டது. இந்தப் பிள்ளைகள் எப்போதாவது ஒரு தடவை வருகிறார்கள். சென்ட்ரலில் மெட்ரோ ஏறினால் அடுத்த நிலையம் அரசினர் தோட்டம். அங்கிருந்து வாலாஜா சாலை வழியாகச் சேப்பாக்கம் மைதானத்தை ஒட்டிப் போனால் மெரினா. வழியில் திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில் இட்லி சாப்பிடலாம். தட்டில் இட்லியை வைத்துவிட்டு அது மூழ்கும் வரை சாம்பாரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், போதும் என்று நாம்தான் கை காட்ட வேண்டும். அப்புறம் ஐஸ் ஹவுஸ். 1842ல் கட்டியது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டியைக் காப்பதற்கென்றே கட்டின கட்டடம். பிற்காலத்தில் விவேகானந்தர் 1897ல் அங்கே தங்கினார், அதனால் இப்போது விவேகானந்தர் இல்லம். இதையெல்லாம் விட்டுவிட்டு ரங்கநாதன் தெருவில் இடிபட வேண்டுமா?

சீசன் டிக்கெட்:
மதியம் பன்னிரண்டு மணிக்கு மெரினா மணலில் செருப்பைக் கழற்றி நடந்து பார்த்திருக்கிறீர்களா? பீச் என்பது சாயங்காலச் சமாச்சாரம். ஆறு மணி வண்டி பிடிக்கிறவர்களுக்கு அது கிடையாது. அவ்வளவுதான்.

மாடவீதி மைலாப்பூர்:
சரி, ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை, ஆனாலும் விடுகிறேன்.

ஆரணிப் பட்டு:
எனக்குப் புரியாதது இதுதான். வேலூர்க்காரர்களுக்குப் பட்டு எடுக்க ஆரணி பக்கத்திலேயே இருக்கிறது. காஞ்சிபுரமும் சென்னையை விட நெருக்கம். தறியில் நெய்கிற ஊர்களை விட்டுவிட்டு கடையின் ஏசி கரண்ட் பில்லையும் சேர்த்துக் கொடுக்கத் தி.நகர் போவானேன்? தோழியிடம் சொல்லுங்கள், முகூர்த்தப் புடவையை ஆரணியில் எடுத்துக்கொள்ளட்டும். சென்னை நாளை நீங்கள் மியூசியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாலாற்றங்கரை:
முகூர்த்தப் புடவை ஏற்கெனவே ஆரணியில்தான் எடுத்தாயிற்று, பெரியவர்களே போய் எடுத்துவிட்டார்கள். இவளுக்கு வேண்டியது ரிசப்ஷனுக்குப் போட்டுக்கொள்ளும் நகை செட், வளையல், ஜாக்கெட்டுக்கு மேட்சிங் துணி, சித்தி பெண்களுக்கு ஆளுக்கொரு சுடிதார். பட்ஜெட்டும் சின்னது. "பத்துக் கடை ஏறி இறங்கி, கடைசியில் முதல் கடையிலேயே வாங்குவதில்தான் சுகம்" என்கிறாள். அதை ஆரணியில் செய்தால் கடைக்காரர் அப்பாவுக்குப் போன் போட்டுவிடுவாராம்.

ஆரணிப் பட்டு:
போடுவார். எங்கள் ஊர் அப்படித்தான். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பூக்கடை வாசல்:
அக்கா, நான் பாரிமுனையில் வேலை பார்க்கிறேன். தி.நகர் நகை செட் விலையைக் கேட்டுவிட்டு அப்படியே இங்கே வாருங்கள். பூக்கடை, சவுகார்பேட்டை, தேவராஜ முதலி தெருப் பக்கம் கவரிங், வளையல், ஜரிகை, பாசி எல்லாம் மொத்த வியாபாரம். சில கடைகளில் டஜன் எடுத்தால்தான் கொடுப்பார்கள், சில கடைகளில் ஒன்று இரண்டும் தருவார்கள். சென்ட்ரலிலிருந்து நடந்தே வந்துவிடலாம்.

சாயங்காலம் வரை இருந்தால் பர்மா பஜார் பின்பக்கம் அத்தோ. பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் ஜனங்கள் கொண்டுவந்த தீனி. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணி, பூண்டு எண்ணெய் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து, மேலே பேஜோ என்கிற மொறுமொறு தட்டையை நொறுக்கிப் போட்டுக் கொடுப்பார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைக் கீறி அதற்குள் வறுத்த வெங்காயத்தைத் திணித்துத் தருவார்களே, அதற்காகவே நான் மாதச் சம்பளத்தில் தனியாக ஒதுக்குகிறேன்.

கல்மரம்:
தம்பி, இரண்டு பேரும் ஆறு மணி வண்டியைப் பிடிக்க வேண்டும். அத்தோ கடை சூடு பிடிப்பதே அதற்கு மேல்தான்.

பூக்கடை வாசல்:
அதுவும் சரிதான். அடுத்த தடவை.

இரண்டு பிள்ளைக்காரி:
பெண்கள் இருவர் தனியாகப் போகிறீர்கள், யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். கழிப்பறை. தி.நகர் கடைத்தெருவில் இறங்கிய பிறகு தேடாதீர்கள், பெரிய ஜவுளிக் கடைக்குள் ஏதாவது மாடியில் இருக்கும், கேட்டால் சொல்வார்கள். மெட்ரோ நிலையங்களில் உண்டு, பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். மியூசியம் கிளம்பும் முன்பே சென்ட்ரல் மெட்ரோவில் முடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குடிக்காமல் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்கவேண்டாம், வெயில் தலைவலி தி.நகரில் வந்தால் அன்றைய நாளே போச்சு.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் மட்டும்தான், முன்பக்கம் பிங்க் பூசியிருக்கும். அவசரத்தில் டீலக்ஸில் ஏறினால் கண்டக்டர் காசு கேட்பார், அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

இன்னொரு யோசனை. இருவருக்கும் ஆசை வேறுவேறாக இருக்கும்போது ஒட்டிக்கொண்டே திரியாதீர்கள். நானும் என் நாத்தனாரும் கடைக்குப் போனால் ஒன்றரை மணி நேரம் பிரிந்துவிடுவோம். அவள் பாத்திரக் கடை, நான் துணிக்கடை. சந்திக்கும் இடமும் நேரமும் பேசிவைத்துக்கொள்வோம். முழு நாளும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று கேட்டுக்கொண்டிருந்தால் திரும்பும் வண்டியில் பேச்சே இருக்காது.

சீசன் டிக்கெட்:
இதை நான் வழிமொழிகிறேன். என் எதிர் சீட்டில் சாயங்காலம் உட்கார்ந்து வரும் டூர் கோஷ்டிகளைப் பார்த்தாலே எது எப்படி முடிந்தது என்று தெரியும்.

பாலாற்றங்கரை:
அவளுக்குச் சனிக்கிழமை லீவு கிடைத்துவிட்டது! அப்படியானால் தி.நகர் முதலா, மியூசியம் முதலா? சனிக்கிழமை கூட்டத்துக்கு முன்னால் காலையிலேயே கடைக்குப் போய்விடலாம் என்கிறாள். வாங்கினதை சென்ட்ரல் கிளோக் ரூமில் போட்டுவிடலாமாம்.

சீசன் டிக்கெட்:
ரயில்வே கிளோக் ரூமில் பூட்டுப் போட்ட பெட்டி, பையைத்தான் வாங்குவார்கள். ஜவுளிக் கடைக் கட்டைப்பையை நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் கடைத்தெரு கடைசியில்தான்.

கல்மரம்:
மியூசியம் ஒன்பதரைக்குத் திறக்கும். சென்ட்ரலில் இறங்கி பச்சை வழித்தட மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன், எழும்பூர். அங்கிருந்து நடந்தால் பத்துப் பதினைந்து நிமிஷம். திறக்கிற நேரத்துக்கு உள்ளே இருந்தால் ஸ்கூல் பஸ்கள் வருவதற்கு முன் வெண்கலக் கூடம் உங்களுக்கே சொந்தம்.

எல்லாக் கட்டடத்தையும் பார்க்க முயலாதீர்கள். 1851ல் தொடங்கிய மியூசியம், ஆறேழு கட்டடம் இருக்கிறது, பார்த்து முடிக்கிற சமாச்சாரமில்லை. நான் சொல்வது இரண்டே சிலை. ஒன்று திருவாலங்காட்டு நடராசர். சுற்றித் திருவாசி என்கிற சுடர் வளையம் இல்லை, பறக்கும் சடையும் இல்லை. வெறும் உடம்பின் வளைவில்தான் அந்த ஆட்டம் முழுக்க இருக்கிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோதான் இதை நேரில் பார்த்ததே இல்லை. போட்டோக்களை வைத்துக்கொண்டே இதைப்பற்றி எழுதினார், அவர் இறந்தபின் 1921ல் அது அச்சானது. உங்கள் ரயில் அரக்கோணத்துக்கும் திருவள்ளூருக்கும் நடுவில் திருவாலங்காடு ஸ்டேஷனைத் தாண்டித்தான் வரும். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்து சேர்ந்ததாகச் சொல்லும் ஊர். ஜன்னல் பக்கம் உட்காருங்கள்.

இரண்டாவது திருவெண்காட்டு அர்த்தநாரி. ஆண் பாதிக்கு இரண்டு கை, பெண் பாதிக்கு ஒரு கை. முதலில் ஒரு பக்கம் நின்று பாருங்கள், பிறகு மறுபக்கம், அப்புறம் நேர் எதிரே. மூன்று தடவையும் வேறு ஆள் நிற்பதுபோல் இருக்கும்.

நேரம் மிச்சமிருந்தால் அமராவதி பளிங்குப் பலகைகள். அதற்கும் மேல் மிச்சமிருந்தால் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் சேகரித்த கற்கருவிகள். 1863ல் பல்லாவரத்தில் அவர் எடுத்த ஒரு கல்தான் இந்த நாட்டில் பழைய கற்கால மனிதன் இருந்தான் என்பதற்கு முதல் சாட்சி. பார்ப்பதற்குச் சாதாரணக் கல் மாதிரிதான் இருக்கும், அதனால் எல்லாரும் தாண்டிப் போவார்கள்.

பன்னிரண்டரைக்கு வெளியே வாருங்கள். எழும்பூரில் சாப்பிட்டுவிட்டு மின்சார ரயிலில் மாம்பலம்.

இரண்டு பிள்ளைக்காரி:
மாம்பலத்தில் இறங்கியதும் இடது கை வலது கை பார்க்காமல் கூட்டத்தோடு ரங்கநாதன் தெருவில் விழுந்துவிடாதீர்கள். 2023ல் திறந்த ஆகாய நடைபாதை ஒன்று ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டு வரை போகிறது. அதில் ஏறினால் கூட்டத்துக்கு மேலேயே போய்விடலாம். திரும்பும்போது பைகளோடு அது பெரிய உதவி.

பாலாற்றங்கரை:
போய் வந்தாச்சு! எல்லாருக்கும் நன்றி, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஏலகிரியில் காட்பாடியிலிருந்தே நின்றுகொண்டுதான் வந்தோம். ஒவ்வொரு சீட்டிலும் யாராவது ஒருவருடைய துண்டு, கைக்குட்டை, டிபன் பை. அரக்கோணத்தில் இடம் கிடைக்கும் என்று பார்த்தால் அங்கே இன்னும் ஒரு படை ஏறியது. (சீசன் டிக்கெட் அண்ணே, உங்கள் ஆட்கள்தானா?) திருவாலங்காடு ஸ்டேஷன் கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. மஞ்சள் பலகை மட்டும் தெரிந்தது. ஆனாலும் அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் அந்த ஊர்ச் சாமி முன்னால் நின்றபோது ஏதோ தெரிந்தவரைப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது.

வெண்கலக் கூடத்தில் எங்களோடு காவலர் ஒருவரும் ஒரு வெளிநாட்டுத் தம்பதியும் மட்டும். என் தோழி முதலில் வாசலிலேயே போனை நோண்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் பார்த்தால் ஒரு அம்மன் சிலையின் இடுப்புக்கு நேராகக் குனிந்து நிற்கிறாள். "இந்த ஒட்டியாணத்தைப் பாரேன், நடுவில் சிம்ம முகம், அதன் வாயிலிருந்து முத்துச்சரம் தொங்குகிறது, தொடை மேல் விழுகிற இடத்தில் சரம் லேசா விலகி நிக்குது பார்" என்கிறாள். பிறகு சிலை சிலையாக அவளேதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். தோள்வளை, கடகம், பாதசரம், முதுகுப்பக்கம் பதக்கத்தோடு முடிகிற மாலை. சிலையைச் சுற்றிப் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அவள் சொல்லித்தான் போனேன். அர்த்தநாரியிடம் வந்தபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "ரெண்டு காதுக்கும் வேற வேற கம்மல் போட்டிருக்காங்களே, கவனிச்சியா?"

பன்னிரண்டரைக்கு வெளியே வரச் சொன்னீர்கள். ஒன்றேகாலுக்கு நான்தான் அவளை இழுத்துக்கொண்டு வந்தேன். கற்கருவி பார்க்க நேரமில்லை. திமிங்கல எலும்புக்கூட்டுக்கு மட்டும் தலையைக் காட்டிவிட்டு வந்தோம்.

தி.நகரில் பிரிந்தது நல்ல யோசனை. அவள் ரங்கநாதன் தெருவுக்குள் போய்விட்டாள், நான் பாண்டி பஜார் நடைபாதைத் திண்ணையில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டே போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாகச் சொன்ன நேரத்துக்கு வந்தாள், கையில் ஒரே ஒரு பை. வளையலும் சுடிதாரும் எடுத்தாயிற்று, நகை செட் எதுவும் பிடிக்கவில்லையாம். "எல்லாத்துலயும் கல்லு மட்டும்தான் இருக்கு, வேலைப்பாடு இல்ல" என்கிறாள். ஒரு கடையில் மியூசியத்தில் எடுத்த போட்டோவைக் காட்டி இந்த மாதிரி ஒட்டியாணம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். கடைப்பையன், "இது எந்தக் கடை கலெக்‌ஷன் மேடம்?" என்றானாம்.

கல்மரம்:
பதினோராம் நூற்றாண்டுக் கலெக்‌ஷன் என்று சொல்ல வேண்டியதுதானே!

பூக்கடை வாசல்:
அக்கா, அந்தப் போட்டோவை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். இங்கே டெம்பிள் ஜுவல்லரி, பரதநாட்டிய செட் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சிம்ம முகம் வைத்து ஒட்டியாணம் செய்வார்கள், ஆனால் கல்யாணத்துக்கு ஒரு மாதமாவது அவகாசம் வேண்டும்.

பாலாற்றங்கரை:
தம்பி, அவளே கேட்கிறாள்: ஆர்டர் கொடுக்க நேரில் வர வேண்டுமா? வர வேண்டும் என்று சொல்லுங்கள், ப்ளீஸ்.

பூக்கடை வாசல்:
கண்டிப்பாக நேரில்தான் வர வேண்டும். இடுப்பளவு எடுக்க வேண்டாமா!

சீசன் டிக்கெட்:
துண்டு போட்டது எங்கள் ஆட்கள்தான். அடுத்த தடவை கடைசிப் பெட்டிக்கு வாருங்கள், சென்ட்ரலில் நடை கொஞ்சம் அதிகம், அதனால் சீசன்காரர்கள் அங்கே ஏறுவது குறைவு.

திண்டிவனத்தான்:
இழையை முழுக்கப் படித்தேன். நானும் நண்பனும் திண்டிவனத்திலிருந்து இதே மாதிரி ஒரு நாள் வரலாம் என்று இருக்கிறோம். பஸ்ஸில் வந்தால் இதே பிளான் சரிப்படுமா?

இரண்டு பிள்ளைக்காரி:
பஸ் என்றால் சரிப்படாது. 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு தென்மாவட்டப் பஸ்கள் அங்கேயே இறக்கிவிடுகின்றன. அது வண்டலூர் தாண்டி, ஊருக்கு வெளியே. அங்கிருந்து எழும்பூர் வருவதற்குள் உங்கள் காலைப்பொழுது போய்விடும்.

ரயிலில் வாருங்கள். தாம்பரத்தோடு நிற்கிற வண்டியாக இருந்தாலும் பரவாயில்லை, அங்கேயே மின்சார ரயில் கிடைக்கும். எழும்பூர் வரை போகிற வண்டி கிடைத்தால் இன்னும் நல்லது, மியூசியம் நடக்கிற தூரம். பஸ்தான் என்று பிடிவாதமாக இருந்தால் தெற்குப் பக்கமே ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். வண்டலூர் பூங்கா, அல்லது கிண்டி சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும். இவை எதுவும் செவ்வாய்க்கிழமை வேண்டாம்.

திண்டிவனத்தான்:
நண்பனுக்குப் பாம்பு என்றால் பயம். ரயில்தான்.

மாடவீதி மைலாப்பூர்:
ஆண்பிள்ளைகள்தானே, ராத்திரி வண்டிக்குத் திரும்பலாம். அப்படியென்றால் சாயங்காலம் பீச்சுக்கு வாருங்கள் தம்பி. பாரிமுனைப் பக்கம் இருக்கும் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து பறக்கும் ரயில் ஏறி திருமயிலையில் இறங்கினால் நாலு மணிக்கு நடை திறக்கும்போது கபாலி, வெயில் தாழ்ந்ததும் சாந்தோம் வழியாக மெரினா. இந்த இழையில் ஒருத்தராவது என் பேச்சைக் கேளுங்கள்.

திண்டிவனத்தான்:
கேட்கிறோம் அக்கா. சனிக்கிழமை வருகிறோம். கபாலி கோயில் பக்கம் டிபனுக்கு எங்கே போகலாம் என்றும் சொல்லிவிடுங்கள்.